காவிரிக்குப் படைப்பது யாருக்குப் போய்ச் சேருகிறது?

என் பழைய மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

இது நீளமான பதிவு. நம் ஊர் ரயில்வே கேட் மூடியவுடன் படிக்க ஆரம்பித்தால் கேட் திறப்பதற்குள் முடித்துவிடலாம். கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறேன். வகுப்பில் என் கோபத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் என் போனுக்கு மூன்று செய்திகள் வந்துவிட்டன.

முதலாவது, குடும்பக் குரூப்பில் அண்ணன் மகன் போட்ட நகைக்கடை விளம்பரம். ஆடிப்பெருக்கு அன்று எது வாங்கினாலும் பெருகுமாம். கீழே அவன் எழுதியிருந்தது: "அத்தை, அரைப் பவுனாவது எடுத்துடுங்க. நல்ல நாள்."

இரண்டாவது, அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனுடையது. போன வருஷம் நான் போட்ட படித்துறை போட்டோவைத் தேடி எடுத்து அதன் கீழே கேட்டிருக்கிறான்: "டீச்சர், சோத்தை ஆத்துல கொட்றது வேஸ்ட் இல்லையா? ஆறுன்னா தண்ணிதானே? பாடம் நடத்துன நீங்களே இதைச் செய்யலாமா?"

மூன்றாவது, உறவில் ஒரு பெரியவர் அனுப்பிய குரல் பதிவு. படித்துறையில் பூஜைக்கு யார் முன்னால் நிற்க வேண்டும், யார் தள்ளி நிற்க வேண்டும், யார் கையால் நூல் வாங்கலாம், யார் கையால் வாங்கக் கூடாது என்று ஐந்து நிமிஷம் சொல்லியிருக்கிறார். "வழக்கத்தை மாத்தாதீங்கம்மா, அவ்வளவுதான் நான் கேக்குறது" என்று முடித்திருக்கிறார்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். படையல் என்றால் என்ன? அதைச் சொல்லிவிட்டால் மூன்று பேருக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில், அன்றைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதை எழுதிவிடுகிறேன். வெளியூரில் பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் யாராவது இதைப் படித்துக் காட்டுவீர்கள் என்ற நம்பிக்கை.

காலையிலேயே படித்துறையில் ஓர் இடம் பிடித்து, தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவோம். ஆற்று மண்ணிலோ மஞ்சளிலோ ஒரு பிள்ளையார். முன்னால் வாழையிலை. அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பேரிக்காய், விளாம்பழம், நாவல்பழம். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்த காப்பரிசி. காதோலை, கருகமணி. மஞ்சள் தடவிய நூல். சூடம் காட்டி, கொஞ்சம் காப்பரிசியும் பூவும் காதோலை கருகமணியும் தண்ணீரில் விட்டு, வாழைமட்டையில் விளக்கேற்றி மிதக்கவிடுவோம். நூலைப் பெண்கள் கழுத்திலும் ஆண்கள் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வார்கள். புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். எடுத்துவைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். பொடிப்பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். பிறகு புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கட்டிக்கொண்டு போனதைக் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் இந்த நாளில்தான். வீரநாராயண ஏரிக்கரையில் சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து, கொண்டுவந்ததைச் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் வந்தியத்தேவன் முதலில் பார்க்கிறான்.

நம் பாட்டிமார் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆடியில் காவேரி மசக்கையாக இருக்கிறாள். வாய்க்குப் புளிப்பும் இனிப்பும் கேட்கும். அதற்குத்தான் சித்திரான்னம். காதோலையும் கருகமணியும் பிள்ளைத்தாச்சிக்குச் செய்யும் சீர். ஸ்ரீரங்கத்தில் ஆடி மாதம் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். காவேரிக்குச் சேலையும் மாலையும் தாம்பூலமும் யானை மேல் வந்து ஆற்றில் இறங்குகின்றன. பெருமாளே சீர் செய்கிற பெண் அவள்.

சமூக அறிவியல் நடத்தியவள் என்பதால் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, 120 அடி நிறைந்தால் 93 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். குறுவைக்காக வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அங்கிருந்து கல்லணைக்குத் தண்ணீர் வர ஏறக்குறைய மூன்று நாள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அந்த வெண்ணாறுதான் நம் ஊர்ப் பக்கம் வந்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பாமணியாறு மன்னார்குடி வழியாகப் போகிறது. கோரையாறும் பாமணியாறும் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய்க் கடலோடு கலக்கின்றன. இந்த வரைபடத்தைக் கரும்பலகையில் போடச் சொல்லி உங்களை எத்தனை முறை அடித்திருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை, உங்களுக்கு இருக்கும்.

எல்லா வருஷமும் ஜூன் 12 வாய்ப்பதில்லை. 2012இல் பாசனத்துக்கு மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2017இல் அக்டோபர் 2. அந்த ஆடிகளில் வெண்ணாற்றில் மணல்தான் இருந்தது. மணலில் குழி பறித்து, குடத்தில் கொண்டுபோன குழாய்த் தண்ணீரை ஊற்றி, அதற்குச் சூடம் காட்டிக் கும்பிட்டோம். காப்பரிசி அன்றைக்கும் இருந்தது. சித்திரான்னமும் இருந்தது.

இப்போது அமெரிக்காத் தம்பிக்கு வருகிறேன்.

தம்பி, காய்ந்த மணலுக்குப் படைத்த கூட்டம் எதை எதிர்பார்த்துப் படைத்தது? கொடுத்தால் கிடைக்கும் என்ற கணக்கு அங்கே செல்லாது. கொடுக்க வேண்டியவள் வரவே இல்லையே. ஆனாலும் போனோம். படையல் என்பது விலை கொடுப்பதாக இருந்தால் அன்றைக்கு ஒருவரும் ஆற்றில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

நிவேதனம் என்ற சொல்லுக்குத் 'தெரிவித்தல்' என்று பொருள். சாமி சாப்பிடுகிறது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தி, 'இந்தச் சோறு என் ஒருவனால் ஆனது இல்லை' என்று தெரிவிக்கச் சொல்கிறது. உழுதவர், நட்டவர், மதகில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தண்ணீர் கட்டியவர், ஷட்டரை ஏற்றி இறக்கிய லஸ்கர், எங்கேயோ குடகு மலையில் பெய்த மழை. இத்தனை பேருக்கும் ஒவ்வொருவராக நன்றி சொல்ல முடியாது. அதனால் இவர்கள் எல்லாரையும் சேர்த்து 'காவேரி அம்மா' என்று ஒரு பெயரிட்டுக் கும்பிடுகிறோம். தண்ணீருக்கு நம் நன்றி வேண்டியதில்லை என்பது எனக்கும் தெரியும். நன்றி சொல்லும் பழக்கம் நமக்குத்தான் வேண்டும். அது விட்டுப்போனால் நாம் என்ன ஆவோம் என்பதைச் சுற்றிப் பார்த்தாலே தெரிகிறது.

நீ இருக்கும் நாட்டில் நவம்பரில் நன்றி சொல்லும் நாள் என்று ஒரு நாள் வைத்து வான்கோழி சாப்பிடுகிறார்கள். நீயும் போட்டோ போட்டிருந்தாய். அதன் கீழே 'வேஸ்ட்' என்று நான் கேட்டேனா? ஆறாம் வகுப்பில் நீயும் இந்தப் படித்துறைக்கு வந்தாய். ஆற்றுக்குப் போனது ஒரு கைப்பிடி. மீதி எங்கே போனது என்பது உன் வயிற்றுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ கேட்டது நியாயம். அந்தப் போட்டோவில் படிக்கட்டுக்குக் கீழே மிதப்பதெல்லாம் என்ன என்று கேட்டாய். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நகைக்கடை.

பெருக்கு என்பது ஆற்றில் வரும் புதுவெள்ளத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர். பீரோவுக்கு வைத்த பெயர் இல்லை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு ஆடி எப்படிப்பட்ட மாதம் என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கையிருப்பு எல்லாம் வயலில் இறங்கியிருக்கும். விதைக்கும் உழவுக்கும் நடவுக்கும் பணம் வேண்டும். அறுப்புக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. நம் வீட்டுப் பெண்களின் நகை ஆடியில் சொசைட்டிக்கும் அடகுக் கடைக்கும்தான் போகும். மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்து விதைநெல் வாங்கிய அம்மாக்களின் பிள்ளைகள் நாம். அந்த நாளைப் பார்த்து ஒரு கடைக்காரர் 'இன்று தங்கம் வாங்கினால்தான் லட்சுமி தங்குவாள்' என்கிறார். நாமும் வரிசையில் நிற்கிறோம். கடைக்காரர் வியாபாரம் செய்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பக்தி என்று நம்பி, வாங்க முடியாத தங்கை வீட்டுக்காரரைச் சிறுமையாகப் பார்க்கிறோமே, அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெருகிய தண்ணீரைத் தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்ட ஆற்றை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கல்லணையில் நான்கு, மூணாறு தலைப்பில் மூன்று, அதற்குக் கீழே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து பிரிந்து, கடைசி வயலுக்குப் போகும்போது அவள் ஒரு முழ அகலம்கூட இருப்பதில்லை. கொடுத்துக் கொடுத்து மெலிகிறவளைக் கும்பிட்டுவிட்டு, எனக்குப் பெருகட்டும், என்னிடமே நிற்கட்டும் என்று வேண்டுவது அவளைக் கேலி செய்வதாகாதா?

சாமியிடம் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் யாரிடம் போய்க் கேட்பது? நம் ஊர் சந்தானராமர் கோயிலே பிள்ளை வரம் கேட்டுத் தம்பதிகள் வரும் கோயில்தான். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிம்மரும் அரசி யமுனாம்பாளும் பிள்ளை வேண்டி வணங்கிய கதையை அந்தக் கோயிலோடு சேர்த்தே சொல்வார்கள். நம் ஊருக்கு யமுனாம்பாள்புரம் என்ற பெயரும் இருந்தது. அந்த அரசியின் பெயரில் நம் ஊரில் இருந்தது ஒரு சத்திரம். வழிப்போக்கருக்குச் சோறு போட்ட இடம். வேண்டுதல் வைத்தவர்களின் பெயர் ஊரில் எப்படி நிலைத்தது என்று பாருங்கள். எத்தனை பவுன் வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

சரி, அந்தப் போட்டோவில் மிதந்தது.

காதோலை என்பது பனையோலைச் சுருள். கருகமணி கறுப்பு மணி. இரண்டும் எளிய பொருள்கள். இப்போது கடையில் 'ஆடிப் பதினெட்டு செட்' என்று விற்கிறார்கள். பிளாஸ்டிக் கவருக்குள் பளபளக்கும் தாளில் காதோலை, பிளாஸ்டிக் வளையல், சின்னப் பிளாஸ்டிக் கண்ணாடி, சீப்பு, பாக்கெட் மஞ்சள், பாக்கெட் குங்குமம். அதைப் பிரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் கவரோடு ஆற்றில் எறிகிறோம். கல்யாண மாலையைப் பாருங்கள். பாதி ஜிகினா, பாதி ஸ்பான்ஜ், நடுவில் நைலான் கயிறு. அதற்கு மேல் சாப்பிட்ட தட்டு, டம்ளர், தண்ணீர் பாக்கெட். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. படித்துறைக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பிள்ளைத்தாச்சிக்கு வளைகாப்பு செய்கிறோம் என்று ஊரைக் கூட்டிக்கொண்டு போய், அவள் தலையிலேயே குப்பைக்கூடையைக் கவிழ்த்துவிட்டு வருகிறோம். அதன் பிறகு 'அம்மா தாயே' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கவர் எங்கே போகிறது என்று யாராவது பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஆற்றில் விட்டது மறைந்துவிடுவதில்லை. அடுத்த ரெகுலேட்டர் ஷட்டரில் சிக்குகிறது. அதைத் தாண்டினால் மதகுக் குழாயை அடைக்கிறது. வாய்க்காலில் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து திட்டாக நின்றுவிடுகிறது. அங்கே தண்ணீர் ஏறவில்லை என்றால் கடைமடைக்காரர் மண்வெட்டியும் அரிவாளுமாக இறங்கி இழுத்துப்போட வேண்டும். அதையும் தாண்டிப் போனது முத்துப்பேட்டையில் அலையாத்தி வேர்களில் தொங்கும். மேலே நாம் படைத்த படையல், கீழே ஒருவர் நாற்றங்காலுக்கு வரவேண்டிய தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கிறது. நமக்குப் புண்ணியம், அவருக்குக் கூலியில்லாத வேலை.

இதை ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நினைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை ஆடி வயிறெரிந்திருக்கிறோம். எத்தனை மறியல், எத்தனை உண்ணாவிரதம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்ன நாளில், நடுவர் மன்றம் சொன்ன 192 குறைந்துபோனதே என்று டீக்கடை டீக்கடையாகப் புலம்பினோம். நியாயமான புலம்பல்தான். அங்கேயும் காவேரியைக் கும்பிடுகிறார்கள். அவள் பிறக்கும் தலைக்காவிரியில் ஐப்பசி பிறக்கும் நேரத்தில் தீர்த்தம் பொங்குவதைப் பார்க்கக் குடகு மக்கள் திரள்கிறார்கள். கிருஷ்ணராஜ சாகர் நிறைந்தால் கர்நாடக முதலமைச்சர் முறத்தில் சேலை, வளையல், மஞ்சள், குங்குமம் வைத்து 'பாகின' என்று ஆற்றுக்குக் கொடுக்கிறார். நாம் கொடுக்கும் அதே சீர். இங்கே மேட்டூரைத் திறக்கும்போது நம் முதலமைச்சர் மலர் தூவுகிறார். இரண்டு பக்கமும் பூவுக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர் குறைந்த வருஷத்தில் கீழே இருப்பவருக்கு எவ்வளவு விடுவது என்று வரும்போதுதான் பக்தி எவ்வளவு என்பது தெரிகிறது.

மேட்டூருக்கு நாம் கடைமடை. முத்துப்பேட்டைக்கு நாம் மேட்டூர். மேலே பார்த்து நியாயம் கேட்கிற வாய், கீழே பார்க்கும்போது மூடிக்கொண்டால் அந்த நியாயத்துக்கு மதிப்பு இல்லை. ஆற்றுக்குப் படைப்பது என்றால், நமக்குக் கீழே இருப்பவருக்குத் தண்ணீரை நல்லபடியாகக் கைமாற்றிக் கொடுப்பது. நான் புரிந்துகொண்ட அர்த்தம் இதுதான். கைமாற்றாத படையல் பாதியில் நின்ற படையல்.

இனி, குரல் பதிவு அனுப்பிய பெரியவருக்கு. உங்கள் மேல் மரியாதை குறையாமல் எழுதுகிறேன், மாமா. எழுதாமல் இருக்க முடியாது.

என் வீட்டுக்காரர் போன பிறகு வந்த முதல் ஆடிப் பதினெட்டு. படித்துறையில் கோலம் போட்டது நான். காப்பரிசி கலந்தது நான். சூடம் ஏற்றும் நேரத்தில் ஒரு குரல் கேட்டது: "டீச்சர், நீங்க கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க, கல்யாணமான புள்ளைங்க நூல் வாங்கட்டும்." சொன்னவர் கெட்டவர் இல்லை. வழக்கம் அப்படி. நான் மேல்படியில் போய் நின்றேன். அங்கே ஏற்கெனவே நான்கு பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்திக்கு வயது முப்பதுகூட இருக்காது.

மாமா, வழக்கம் வழக்கம் என்கிறீர்கள். வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த நூல் தாலி பாக்கியத்துக்கு மட்டும்தான் என்றால், ஆண்கள் ஏன் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள்? கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகள் ஏன் கட்டிக்கொள்கிறார்கள்? மூன்று வயதுப் பேரனுக்குக் கட்டுகிறோமே, அவன் யாருக்குச் சுமங்கலி? ஆற்றங்கரையில் வாழ்கிற எல்லா உயிரும் அவள் பிள்ளைகள், இந்த வருஷமும் அவள் காப்பில் இருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. அப்படியானால் புருஷனை இழந்தவள் மட்டும் எப்படி அவளுக்குப் பிள்ளை இல்லாமல் போவாள்? அந்த நாலு பெண்களில் மூன்று பேர் நடவுக்குப் போகிறவர்கள். அவர்கள் கை பட்டால் நாற்று வாடுவதில்லை. நூல் மட்டும் வாடிவிடுமா?

படைத்த பிறகு அதன் பெயர் பிரசாதம். பிரசாதம் ஆனபின் அது நம் வீட்டுச் சோறு இல்லை. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை நம்மைவிட்டுப் போய்விடுகிறது. பூரி ஜகந்நாதர் கோயிலில் மகாபிரசாதத்தை ஆனந்த பஜார் என்ற இடத்தில் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது பழைய வழக்கம். திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கோயிலில் இருக்கும் சாமிக்குக் கொடுத்தது நடமாடும் மனிதருக்குப் போய்ச் சேராது. நடமாடும் மனிதருக்குக் கொடுத்தது சாமிக்குப் போய்ச் சேரும் என்கிறார். இதைச் சொன்னவர் நாத்திகர் இல்லை. பத்தாம் திருமுறை பாடியவர்.

வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊரின் இன்னொரு வழக்கத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் அரசியல் மாநாடு நடந்தது. அங்கே எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, பண்ணையில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்கள் சிலரைப் பிடித்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். 'விடுதலை' பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. நீதிமன்றம் வரை போனது. இதைப்பற்றித் தனிப் புத்தகமே வந்திருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அன்றைக்கு அடித்தவர்களும் வருஷா வருஷம் ஆற்றில் இறங்கிக் கும்பிட்டிருப்பார்கள். காப்பரிசி விட்டிருப்பார்கள். விளைந்த நெல்லுக்குக் காவேரிக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த நெல்லை விளைவித்தவர் பக்கத்து இலையில் உட்கார்ந்ததற்குச் சாணிப்பால் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படையலைக் காவேரி ஏற்றுக்கொண்டிருப்பாளா, மாமா? உங்கள் மனசாட்சியிடமே விட்டுவிடுகிறேன்.

இன்றைக்கு யாரும் யாரையும் மொட்டையடிப்பதில்லை. உண்மைதான். ஆனால் ஆடிப் பதினெட்டு அன்று எந்தத் தெருக்காரர் எந்தப் படித்துறை என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிகிறது. ஒரே ஆறு, ஒரே தண்ணீர், ஒரே நாள், ஒரே புளியோதரை. துறை மட்டும் வேறு வேறு. என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் டிபன் பாக்ஸில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள், அன்றைக்கு ஒருவரையொருவர் எட்ட நின்று கையசைக்கிறீர்கள். எனக்கு அது பார்க்கப் பொறுக்கவில்லை.

சிலர் சொல்வீர்கள்: "டீச்சர், இதெல்லாம் சீர்திருத்தம். சாமி விஷயத்தில் எதுக்கு?" நான் சீர்திருத்தம் பேசவில்லை. கும்பிடுவதைச் சரியாகக் கும்பிடவேண்டும் என்கிறேன். ஓர் இலையும் பூவும் பழமும் தண்ணீரும் போதும் என்று கீதையிலேயே இருக்கிறது. பொருள் எளிதாக இருக்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். மனசு மலிவாக இருக்கலாம் என்று இல்லை.

இன்னும் சிலர் சொல்வீர்கள்: "இவ்வளவு பிரச்சினைன்னா ஆத்துக்கே போகவேண்டாம். அபார்ட்மென்ட்ல பக்கெட்டில் தண்ணி வச்சுக் கும்பிட்டுக்கறோம்." ஆறு இல்லாத ஊரில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். மணலில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டவர்கள் நாங்கள்; அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் உள்ளூரில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். நாம் போகாத படித்துறையில் முதலில் புல் முளைக்கும். பிறகு குப்பை விழும். பிறகு யாராவது வளைத்துக்கொள்வார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது ஊர் மொத்தமும் ஆற்றைத் திரும்பிப் பார்க்கிறதே, அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் இந்த வருஷம் நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். சேர விருப்பமுள்ளவர்கள் சேருங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டி, கூடை, சாக்கோடு படித்துறையில் இருப்பேன். எனக்கு முட்டி வலி. குனிந்து அள்ள முடியாது. சாக்கைப் பிடித்துக்கொள்வேன், அள்ளுவது உங்கள் வேலை. ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் இட்லி என் பொறுப்பு.

அன்றைக்கு ஆற்றில் விடுவது ஒரு கைப்பிடி காப்பரிசி, உதிரிப்பூ, பனையோலைக் காதோலை, வாழைமட்டை விளக்கு. அவ்வளவுதான். செட் வாங்குபவர்கள் கவரையும் பிளாஸ்டிக்கையும் வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டு வாருங்கள். கல்யாண மாலையில் ஜிகினாவும் கயிறும் நீக்கி, நாலு பூவை மட்டும் ஆற்றில் விட்டு, மீதியை எருக்குழியில் போடுங்கள். அதுவும் மண்ணுக்குத்தான் போகிறது. அவளும் மண்ணுக்குத்தான் போகிறாள்.

நூல் நான் கொண்டுவருகிறேன். முதல் நூலை மேல்படியில் நிற்கும் பெண்களுக்குக் கட்டுவேன். அவர்கள் எனக்குக் கட்டுவார்கள். பார்க்கப் பிடிக்காதவர்கள் அந்த இரண்டு நிமிஷம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அவளைப் பார்க்கத்தானே வந்தோம்.

சித்திரான்னம் அவரவர் வீட்டிலிருந்து. ஆனால் பந்தி ஒன்றுதான். வாழையிலை போட்டு, எந்தத் தெருக்காரர் வந்தாலும் அடுத்த இலையில் உட்காரவேண்டும். என் பழைய மாணவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறீர்கள். நீங்கள் உங்கள் அம்மாக்களை அழைத்துக்கொண்டு வந்தாலே அந்தப் பந்தி நிறைந்துவிடும்.

அண்ணன் மகனுக்கு: அரைப் பவுன் வேண்டாமடா. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு கடைமடையில் நாற்றங்கால் போட வழியில்லாத ஒருவருக்கு ஒரு மூட்டை விதைநெல் வாங்கிக் கொடு. தை மாதம் அது எத்தனை மூட்டையாகிறது என்று பார்க்கலாம். ஆடிப்பெருக்கில் கொடுத்தால் பெருகும் என்பது உண்மையா இல்லையா என்று நாமே சோதித்துவிடுவோம்.

அமெரிக்காத் தம்பிக்கு: லீவு கிடைத்தால் வா. உன் இலைக்குத் தேங்காய் சாதம் எடுத்துவைக்கிறேன்.

மாமா, உங்களையும் எதிர்பார்க்கிறேன். முதல் இலை உங்களுக்குத்தான். பக்கத்து இலையில் யார் என்பதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

எதிர்க்கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் பதில் உண்டு. எழுத்துப்பிழையோடு எழுதினால் திருத்தித்தான் பதில் போடுவேன். அந்தப் பழக்கம் மட்டும் என்னிடமிருந்து போகாது.

உங்கள் டீச்சர்,
நீடாமங்கலம்